தொட்டிலுக்கு ஒரு மூலை

அலுவலகத்தில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வேலை நேரத்தில் தூங்கி வாங்கிய பெயர் இல்லை. அந்தக் கட்டடத்தில் அவளைப் போலச் சுறுசுறுப்பானவர் யாருமில்லை. அவள் வேலையே தூங்க வைப்பதுதான். அவர்கள் வடிவமைத்துக்கொண்டிருந்த சிப்பில் பதினாறு கோர்கள், கணக்குப் போடுகிற பதினாறு குட்டி மூளைகள். ஒரு பெரிய கணக்கைப் பதினாறும் பங்கு போட்டுக்கொண்டு செய்யும். தன் பங்கை முதலில் முடித்த கோர், மற்றவை முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கோருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டு நச்சரித்து, வேலை செய்கிற மற்ற கோர்களின் வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பேசாமல் தூங்க வைத்து, நேரம் வந்ததும் தட்டி எழுப்புகிற ஒரு சின்னப் பகுதியை அவள் மூன்று வருஷமாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்தாள். மறுநாளே மற்றவர்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சிப் இன்னும் படமாகத்தான் இருந்தது. செய்து முடித்த பிறகு தப்பு தெரிந்தால் எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் சிப்பாக நடிக்கிற ஒரு நிரலை வைத்திருந்தார்கள், சிமுலேட்டர். சிப்புக்குள் நடக்கப்போகிற ஒவ்வொரு துடிப்பையும் அது ஒன்று விடாமல் நடித்துக் காட்டும். மகா நேர்மையான நிரல், மகா மெதுவான நிரல். சிப் கண் இமைக்கும் நேரத்தில் முடிக்கிற காரியத்தை அது வாரக்கணக்கில் நடிக்கும். எல்லோரும் அதை ஆமை என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவரைத்தான் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தால் நிஜ ஆமையே கோபித்துக்கொண்டு தேடி வரும்.

ஆமையோடு குடும்பம் நடத்த அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சோதனை நிரலை முழுக்க ஓட்ட மாட்டார்கள். நடுவில் ஒரு துண்டை மட்டும் ஓட்டுவார்கள். பதினாறு கோர்களும் சேர்ந்து இத்தனை கோடிக் கட்டளைகளை முடித்ததும் நிறுத்துவார்கள். எந்த வடிவம் சீக்கிரம் முடித்ததோ அது கெட்டிக்கார வடிவம். சிப்பில் ஒரே ஒரு கோர் இருந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. நல்ல வழக்கம்தானே என்று எல்லோரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள்.

அந்த வழக்கம்தான் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவள் அடிமடியிலேயே கை வைத்தது. திரையில் இரண்டு பட்டைகள். தொட்டில் இல்லாத சிப் முந்தி நின்றது. தொட்டில் வைத்த சிப் பத்தில் ஒரு பங்கு பின்தங்கி, தண்டனை வாங்கிய பிள்ளை போல ஓரமாக நின்றது.

மேலாளருக்குக் கத்தரி என்று பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். சிப்பில் இடம் என்பது நகரத்தில் வீட்டுமனை மாதிரி. யாருடைய பகுதியில் எதை வெட்டலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். அவர் வெட்டாமல் விட்டிருந்தது ஒரே ஒரு மூலை. அதற்குத்தான் தொட்டிலுக்கும் கேஷுக்கும் போட்டி. கேஷ் என்பது அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிற கிடங்கு. அதைப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் தாடிக்காரர். நல்ல மனிதர். பட்டைகளைப் பார்த்ததும் தன் முகத்தில் வந்த சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டு, அவளுக்கு ஒரு தேநீர் எடுத்து வந்து வைத்தார். அந்தத் தேநீரைப் பார்த்தபோதுதான் தோற்றுக்கொண்டிருப்பது தான் என்று அவளுக்கு உறைத்தது.

"அடுத்த செவ்வாய் படத்தைப் பூட்டறோம்மா," என்றார் கத்தரி. "அதுக்குள்ள வேற நம்பர் வந்தா பேசலாம். இல்லேன்னா மூலை கேஷுக்குத்தான்."

பூட்டுவது என்றால் பூட்டுவதுதான். அதன் பிறகு படத்தில் ஒரு கோட்டைக்கூட யாரும் தொட முடியாது. அடுத்த சிப் எப்போது வரும், அதில் யார் வேலை செய்வார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத கதை. மூன்று வருஷ உழைப்பு ஒரு சிப்புக்குள் போகாமலே போய்ச் சேர்ந்துவிடும்.

தொட்டிலில் தப்பு என்று அவளால் நம்ப முடியவில்லை. பெற்றவளுக்குத் தன் பிள்ளை அசடு என்று ஊரே சொன்னாலும் ஏறாது அல்லவா, அந்த மாதிரி. ஆனால் பட்டை பொய் சொல்லாதே. மறுநாள் காலை அவள் பட்டையை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு கோரும் என்னதான் செய்தது என்று ஆமை எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் முழுசாகத் திறந்து பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது, மலை மலையாகக் கட்டளைகள்தான்.

தொட்டில் இல்லாத சிப்பின் ஏழாவது கோர் அசுர வேகத்தில் கட்டளைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடேயப்பா, என்ன உழைப்பு என்று அவளுக்கே பொறாமையாக இருந்தது. பிறகு கொஞ்சம் கீழே போனாள். அதே மூன்று கட்டளைகள். இன்னும் கீழே போனாள். மறுபடியும் அதே மூன்று. எல்லோரும் முடித்துவிட்டார்களா பார், இல்லையா, திரும்பப் போய்ப் பார். பேருந்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து "வந்தாச்சா, வந்தாச்சா" என்று கேட்கிற குழந்தை போல, பக்கம் பக்கமாக, லட்சம் தடவை. அந்தப் புண்ணியவான் உழைக்கவே இல்லை. காத்திருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டிய ஒவ்வொரு ஈயையும் இவர்கள் வேலை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஈ ஓட்டுவது சுலபமான வேலை, மளமளவென்று நடக்கும். அதனால் தொட்டில் இல்லாத சிப்பில் கட்டளைக் கணக்கு வெட்டியாகவே சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. தொட்டில் வைத்த சிப்பிலோ காத்திருக்கிற கோர் தூங்குகிறது. தூங்குகிறவன் ஒரு கட்டளையும் போட மாட்டான். அந்தச் சிப் அதே கணக்கை நிரப்ப நிஜமான வேலையாகவே செய்து தீர்க்க வேண்டும். நேரம் ஆகத்தானே செய்யும். அதிகம் உழைத்த சிப்புக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியிருந்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்ததில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷமாக அவளும் அதே கணக்கில்தான் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வந்தது.

கத்தரிக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கத்தரி கத்தரிதான்.

"பழைய நம்பர் தப்புன்னு காட்டிட்ட," என்றார். "உன் நம்பர் சரின்னு இன்னும் காட்டல."

சோதனை நிரலை ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டி, யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் ஆமை முழு ஓட்டத்தையும் நடித்து முடிப்பதற்குள் சிப் கடைக்கு வந்து, பழசாகி, தள்ளுபடியில் விற்றுப்போயிருக்கும். கையில் இருந்ததோ ஒரு வாரத்துக்கும் குறைவு.

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்து யோசித்தாள். கட்டளையை எண்ணக் கூடாது. வேலையை எண்ண வேண்டும். வேலைக்கு எது அளவு? வானிலைக் கணக்குப் போடுகிற சோதனை நிரல் சுற்றுச் சுற்றாக ஓடுகிறது, மற்ற இரண்டு சோதனை நிரல்களும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கோர்களும் தங்கள் பங்கை முடித்து ஓரிடத்தில் கூடும்; கடைசிக் கோர் வந்து சேரும்வரை அடுத்த சுற்று தொடங்காது. ஒரு சுற்று என்றால் எந்தச் சிப்பிலும் அதே வேலைதான். நடுவில் தூங்கினாலும் சரி, ஈ ஓட்டினாலும் சரி. ஆகவே சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும்.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆமைக்கு ஓர் அவசர நடையும் உண்டு. நேரத்தையெல்லாம் கணக்கில் எடுக்காமல், என்ன நடக்கிறது என்பதை மட்டும் விறுவிறுவென்று ஓட்டிக் காட்டும். அப்படி முழு நிரலையும் ஓட்டிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான சுற்றுகளும் அரைத்த மாவையே அரைக்கிற சுற்றுகள். உற்றுப் பார்த்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய வகைகள்தான். வகைக்கு ஒரு சுற்றைப் பொறுக்கி, அது தொடங்கும் இடத்தில் சிப்பின் நிலையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டால், அங்கிருந்து அந்த ஒரு சுற்றை மட்டும் ஆமையின் நேர்மையான நடையில் ஓட்டலாம். பிறகு அந்த வகையில் எத்தனை சுற்றுகளோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு சுற்று இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். அதற்கு வேண்டியது கணினிகள் மட்டும்தான். நிறையக் கணினிகள்.

கணினிகள் எல்லாம் அண்ணி கையில் இருந்தன. நிஜமான அண்ணி, அண்ணன் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம். இவள் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது அலுவலகமே அவளை அண்ணி என்கிறது. அவளைவிட மூத்தவரான கத்தரிகூட, "அண்ணி, சர்வர் தொங்குது," என்றுதான் போன் செய்வார். இவ்வளவு உறவுக்காரியாக இருந்தும் சர்வர் விஷயத்தில் அண்ணி யாருக்கும் பிடி கொடுக்க மாட்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் இவள் மெல்லப் பேச்சை எடுத்தாள். அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தான். சர்வர் எல்லாம் வேறு குழுக்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, ஒன்றுகூடக் கிடைக்காது, நாத்தனாருக்குக் கொடுத்தாள் என்று நாளைக்கு நாலு பேர் பேச வேண்டுமா என்று அண்ணி கேட்டாள். அண்ணன் தங்கைக்குப் பரிந்து வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, இன்னொரு கரண்டி பரிமாறினான்.

கொஞ்ச நேரம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "சர்வர் கிடையாது. ஆனா சனி, ஞாயிறு எல்லார் மேஜைக் கம்ப்யூட்டரும் சும்மாதானே கிடக்குது? ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போய்க் கேளு. சரின்னு சொல்றவங்களோடதை நான் ஒண்ணாக் கட்டித் தரேன்."

இப்படித்தான் தூங்குமூஞ்சி வெள்ளிக்கிழமை முழுக்க மேஜை மேஜையாகப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் தன் கணினியைக் கொடுத்தாள், திரையில் இருக்கும் பூனைப் படத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லி. சம்பளப் பிரிவில், வேலை முடிந்ததும் ஆமை சுத்தமாக வெளியேறிவிடும் என்று மூன்று பேரிடம் தனித்தனியாக உறுதி சொல்ல வேண்டியிருந்தது. கத்தரி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை யாரிடமும் சொல்லாதே என்றார். தாடிக்காரர் மேஜைக்கு மட்டும் அவள் போகவில்லை. அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? சாயங்காலம் அவரே வந்து நின்றார்.

"என்கிட்ட மூணு இருக்கு," என்றார். "என்னை மட்டும் ஏன் விட்டுட்ட?"

இந்தச் சோதனையில் அவர் மூலை போனாலும் போகும் என்று ஒருவழியாகச் சொன்னாள். போகிற மூலை நியாயமாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் மூன்று கடவுச்சொற்களையும் அண்ணியிடம் கொடுக்கப் போய்விட்டார். அவள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மதியம் முதல் விடைகள் வந்தன. தொட்டில் வைத்த சிப்பும் கேஷைப் பெரிதாக்கிய சிப்பும் ஒரே நேரம் எடுத்திருந்தன, அதுவும் படுமோசமான நேரம். மற்றவர்களின் கணினிகளையெல்லாம் வாங்கிக் கட்டி, ஊரைக் கூட்டி, கடைசியில் இதற்குத்தானா? அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் குறிப்புகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றும் தொடங்கியவுடன் கோர்கள் எதைத் தேடினாலும் கேஷில் இல்லை, இல்லை என்றே வந்தது. அப்போதுதான் தூங்குமூஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். நடுவிலிருந்து தொடங்குகிற சுற்றுக்குக் கேஷ் காலியாக இருக்கிறது. உண்மையில் முந்தின சுற்றில் எடுத்துப் புழங்கியதெல்லாம் அதற்குள் இருந்திருக்கும். படுக்கையிலிருந்து எழுப்பி அடுத்த நொடியே கணக்குப் போடச் சொன்னால் யாருக்குத்தான் ஓடும்?

ஒவ்வொன்றையும் ஒரு சுற்று முன்னாலிருந்து தொடங்கினாள். முதல் சுற்றை ஓட்டிச் சூடுபடுத்தி, அதன் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, அடுத்த சுற்றை மட்டும் அளந்தாள். கோர்கள் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேர்ந்தால் விடை மாறிவிடுமோ என்று, ஒவ்வொன்றையும் லேசாகக் கலைத்துப் போட்டுப் பல தடவை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெரிய பையில் சாப்பாட்டோடு வந்தான். ஆள் இல்லாத அலுவலகத்தில் எல்லா மேஜையிலும் ஆமை நடந்துகொண்டிருக்க, மூன்று பேரும் வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிகிற சமயம் பூனைப் படம் இருந்த கணினிதான் முதல் விடையைக் கொடுத்தது. தொட்டில் முந்தியிருந்தது. அவள் படித்துச் சொன்னதும் அண்ணன் விசிலடித்தான். அண்ணி அவனை அலுவலகத்தில் விசிலடிக்கக் கூடாது என்று அதட்டிவிட்டு, மற்றவையும் வரட்டும் என்று எழுந்து அடுத்த கணினியைப் பார்க்கப் போனாள். போகும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று சோதனை நிரல்களின் விடைகளையும் தூங்குமூஞ்சி திரையில் போட்டாள். தொட்டிலுக்கு ஒரு பட்டை, பெரிய கேஷுக்கு ஒரு பட்டை. வானிலைக் கணக்கில் தொட்டில் நன்றாகவே முந்தியது. படங்களைத் திருத்துகிற நிரலிலும் அப்படியே. பெரிய பட்டியலை வரிசைப்படுத்துகிற நிரலில் கேஷ் முந்தியது. அதை அவள் மறைக்கவில்லை, முதலிலேயே காட்டிவிட்டாள்.

"மூணுக்கு ரெண்டு," என்றார் கத்தரி. "அப்போ மூலை தொட்டிலுக்கு." படத்தைப் பூட்டக் கையைக் கொண்டுபோனார்.

அந்த நொடி அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் தாடிக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரே ஒரு கேள்வி என்றார். தொட்டில் எல்லோரையும் தூங்க வைத்தால் கேஷுக்குப் போகிற வழியில் நெரிசல் குறையுமே. அப்படியானால் கேஷை முழுசாகப் பெரிதாக்க வேண்டியதில்லையே, பாதி போதுமே. மீதிப் பாதி மூலையில் ஒரு சின்னத் தொட்டில் வைத்தால்?

சின்னத் தொட்டில் என்றால் இப்போது போலக் கோருக்கு ஒன்று இல்லை, இரண்டு கோருக்கு ஒன்று. அவள் மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததைப் பாதியாக வெட்ட வேண்டும். வெட்டிய தொட்டில் உபயோகப்படாமலே போகலாம். போனால், வெட்டினால் நிற்காத ஒன்றுக்கு முழு மூலை எதற்கு என்று கத்தரி கேட்பார். கையில் வந்த மூலை அது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் பூட்டப்பட்டுவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. விடை என்ன என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"பூட்டாதீங்க சார்," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன்."

அந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டால், விடை வருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோகிற இடம் அது. அதனாலேயே அங்கே யாரும் கேள்வி கேட்பதை விட்டு வெகுகாலமாகியிருந்தது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து போய்த் தங்கள் கணினிகளை அண்ணியிடம் ஒப்படைத்தார்கள். வேலை செய்ய ஒன்றும் இல்லாமல் போனதால் ஒரு பெரிய நிறுவனமே பட்டப்பகலில் ஜன்னலோரம் நின்று அரட்டை அடித்தது. சம்பளப் பிரிவுக்காரர்கள் யார் ஜெயிப்பார்கள் என்று விவாதித்துக்கொண்டார்கள். எதில் என்று அவர்களுக்குத் தெரியாது. தூங்குமூஞ்சியும் தாடிக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொட்டிலைச் சின்னதாக்கினார்கள், ஒருவர் வெட்ட இன்னொருவர் பார்க்க. ஒரு இடத்தில் அவள் வெட்ட மனசில்லாமல் நின்றபோது அவர் தன் கேஷிலிருந்து இன்னும் ஒரு வரிசையை விட்டுக்கொடுத்தார்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு விடைகள் வந்து சேர்ந்தன. வானிலையில் சின்னத் தொட்டிலும் பாதிக் கேஷும் சேர்ந்து, பெரிய தொட்டிலைத் தாண்டிப் போயிருந்தன. படத்திருத்தத்திலும் அப்படியே. வரிசைப்படுத்தும் நிரலில் பெரிய கேஷையே தோற்கடித்திருந்தன. மூன்றுக்கு மூன்று. தனித்தனியாக இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிடித்திருக்கக்கூடிய எதையும்விட, விட்டுக்கொடுத்தது பெரிதாக இருந்தது.

தாடிக்காரர் இந்தத் தடவை சிரிப்பை எங்கேயும் ஒளிக்கவில்லை. கத்தரி விடைகளை இரண்டு தடவை படித்தார். பிறகு திரையில் இருந்த படத்தின் மூலையை அவளுக்குப் பெரிதாக்கிக் காட்டினார். பாதிக் கேஷ், அதை ஒட்டி எட்டுச் சின்னத் தொட்டில்கள், வரிசையாக. "பாத்துக்கோம்மா," என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பூட்டினார். இனி யாராலும் தொட முடியாது. சிப் எங்கெல்லாம் போகிறதோ, யார் யார் வீட்டுக்கெல்லாம் போகிறதோ, அங்கெல்லாம் அந்த மூலையும் போகும்.

அவள் தாழ்வாரத்துக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் "என்ன ஆச்சு?" என்றான். சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. "போனா போகுது, விடும்மா, அடுத்த சிப்புல பாத்துக்கலாம்," என்று அவன் பதறிப்போய்த் தேற்றத் தொடங்கினான். அவளால் இல்லை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே வந்த அண்ணி போனை வாங்கிக்கொண்டாள்.

"அவ சந்தோஷத்துல அழறா," என்றாள். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, நானும் அழுதுட்டு வந்து விவரமா சொல்றேன்."